போர் மூண்டது, பங்கு விலை பறந்தது!

போர் வந்தால் ஊர் அழியும், குடும்பம் சிதறும். ஆனால் அதே போரில் சிலருக்குப் பணம் கொட்டும். பீரங்கியும் குண்டும் செய்யும் கம்பெனிகளில் பங்கு வைத்திருப்பவர்கள்தான் அவர்கள்.

பங்கு என்றால் என்ன? கம்பெனியின் உடைமையில் ஒரு சிறு பாகம். கம்பெனிக்கு லாபம் பெருகும் என்று தெரிந்தால், அதை வாங்கப் பலர் முந்துவார்கள். விலை ஏறும்.

ஒன்று பத்தாயிற்று

ஜெர்மனியில் ரைன்மெட்டல் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. 1889-ல் தொடங்கியது. பீரங்கி, டாங்கி, குண்டு எல்லாம் செய்கிறது.

2022 பிப்ரவரி 24-ந் தேதி ரஷியப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. மூன்று நாள் கழித்து, அன்றைய ஜெர்மன் பிரதமர் ஷோல்ஸ், ராணுவத்துக்கு 10 ஆயிரம் கோடி யூரோ தனி நிதி என்று அறிவித்தார்.

போருக்கு முன் 100 யூரோவுக்கும் குறைவாக இருந்த ரைன்மெட்டல் பங்கு, 2025-ல் 1,000 யூரோவைத் தாண்டியது!

நாமும் போடலாமா?

பொறுங்கள். மளிகைக் கடைக்கு நூறு பேர் வருவார்கள். பீரங்கிக்கோ சர்க்கார்தான் வாடிக்கைக்காரர். சர்க்கார் கையை மூடினால் வியாபாரம் படுத்துவிடும்.

இன்னொன்று: போர்ச் செய்தி நம் காதுக்கு எட்டுமுன், சந்தையில் விலை ஏறிவிடும். உச்சியில் வாங்கியவருக்கு இறக்கம்தான் மிச்சம். 2025 நவம்பரில் சமாதானத் திட்டம் பற்றிப் பேச்சு அடிபட்டது. உடனே ரைன்மெட்டல் பங்கு சரிந்தது.

பழைய கதையும் உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. 1919-ல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஆயுத உற்பத்திக்குக் கடிவாளம் போட்டது. பீரங்கி செய்த இதே கம்பெனி, ரயில் என்ஜினும் விவசாய இயந்திரமும் செய்து பிழைக்க வேண்டியதாயிற்று.

மனசாட்சி என்ன சொல்கிறது?

ஆயுதம் செய்வதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. குண்டு இல்லாமல் உக்ரைன் தன்னைக் காத்துக்கொள்வது எப்படி? ஆனால் பங்கு வாங்கியவர் ஒன்றை யோசிக்க வேண்டும். போர் நீண்டால் அவருக்கு லாபம், நின்றால் நஷ்டம். சமாதானச் செய்தி கேட்டு ஊரே மகிழும்போது, தம் முகம் மட்டும் வாடுமா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் சேர்த்த பணத்தை இதில் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. போர் என்றைக்கு நிற்கும் என்று எந்தத் தரகராலும் சொல்ல முடியாது.