எந்த ஆகஸ்ட் 22?

ஆகஸ்ட் மாதம் வந்தால் சென்னைக்குப் பிறந்தநாள். 1639 ஆகஸ்ட் 22-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தக் கடற்கரை மணலை எழுதி வாங்கினானாம். 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள். புகைப்படக் கண்காட்சி, சொற்பொழிவு, எல்லாவற்றுக்கும் மேலாக 'மரபு நடை'. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தொப்பி, தண்ணீர் பாட்டில், காமிரா சகிதமாக ஜார்ஜ் டவுனுக்குள் இறங்குகிறார்கள். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அர்மீனியன் தெரு என்று ஒரு சுற்று. கடைசியில் பில்டர் காபி.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் நான் குப்பை கொட்டும் வங்கிக் கிளை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஜார்ஜ் டவுன் மூட்டை தூக்குகிறவர்களின் முதுகும், மீன்பாடி வண்டியும், அடைத்துக்கொண்ட சாக்கடையும்தான். சரி, இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று போன வருஷம் நானும் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

தேக்குத் தூணைத் தடவிப் பார்த்தார்கள். காளிகாம்பாள் கோயில் வாசலில் 1677-ல் சிவாஜி வந்து கும்பிட்ட கதை. பச்சையப்பன் மண்டபத்தின் முன்னால் கிரேக்கத் தூண்களைப் பற்றி முழுசாகப் பத்து நிமிஷம். அந்தப் பச்சையப்பன் பெயரில் நடந்த கல்லூரி, இருபதாம் நூற்றாண்டு பிறந்து இருபது வருஷம் கழித்தும் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பதற்கு அரை நிமிஷம்கூட இல்லை. நான் கேட்டேன்: "சார், இந்தத் தெருவையெல்லாம் கூட்டினவங்க எங்க குடியிருந்தாங்க?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது இந்த ரூட்ல வரலை சார்."

வராது. ரூட்டே அப்படித்தான் போடப்படுகிறது.

வெள்ளைக்காரன் இந்த இடத்துக்குக் 'கருப்பர் நகரம்' என்று பெயர் வைத்ததைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் தழுதழுத்தது. எவ்வளவு பெரிய இனவெறி பாருங்கள் என்றார். வாஸ்தவம். வெள்ளையனுக்கு செட்டியும் முதலியும் அய்யரும் எல்லாருமே கருப்பர்கள்தான். அந்தக் கருப்பர்களுக்கும் தீண்டத்தகாதவனாக ஒருவன் இருந்தானே, அவனுக்கு எந்த நகரம்? 1711-ல் சென்னையைப் பற்றி எழுதிய சார்லஸ் லாக்யர் என்ற வெள்ளைக்காரர், வாசலில் நிற்கக் கம்பெனி கொடுத்த பியூன்களைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சுத்தமாக வைத்திருக்க ஒரு பறையனையும் சேர்த்துச் சொல்கிறார். பெயர் கிடையாது. தெருவுக்குப் பெயர் வைக்கப்பட்டது துபாஷிக்கும் வியாபாரிக்கும்.

தோழர்களே, இந்த 'நடை' என்ற சொல்லைத்தான் நான் விடப்போவதில்லை. இந்த ஊரின் வரைபடமே யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்ற சண்டையில் உருவானது. 1707-ல் இடங்கைச் சாதிக்காரர்களின் கல்யாண ஊர்வலம் வலங்கைத் தெருவுக்குள் போய்விட்டது. கலவரம் வெடித்தது. கவர்னர் தாமஸ் பிட், வலங்கைக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துவிட்டார். வலங்கைக்காக அடிபட்டது பறையர், இடங்கைக்காக அடிபட்டது சக்கிலியர். பல்லக்கில் போன மாப்பிள்ளைகள் யாருக்கும் ரத்தம் வந்திருக்காது என்பது என் ஊகம்.

சென்ட்ரல் பக்கம் விக்டோரியா ஹால் இருக்கிறது. சிஸ்ஹோம் கட்டிடக்கலை, 1896-ல் சினிமா காட்டியது, விவேகானந்தர் பேசியது எல்லாம் சொல்வார்கள். 1892-ல் அங்கே நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரனையும் கருப்பண்ணனையும் கொடுத்திருக்கிறோமே என்றார் தஞ்சாவூர் சாஸ்திரி ஒருவர். அப்படியானால் உங்கள் சாமியே வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்களுக்குப் புறம்போக்கு நிலமும் கொடுங்கள் என்றார் பண்டிதர். அந்தச் செங்கல் கட்டிடத்துக்குள் பேசப்பட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இப்போது தேதிக்கு வருகிறேன். 1924 ஆகஸ்ட் 22. சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொது அலுவலகத்தில் நுழையலாம், பொதுக்கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம், ஆட்சேபம் இல்லை என்று. கவனிங்க, கேட்டது தங்கத்தையோ பதவியையோ இல்லை. தெருவில் நடப்பதற்கு! அதற்கு ஒரு தீர்மானம், ஒரு அரசாணை தேவைப்பட்டது. அதே ஆகஸ்ட் 22-ல்தான் இவர்கள் ஷூ போட்டுக்கொண்டு மரபு நடை நடக்கிறார்கள். வெள்ளைக்காரன் நிலம் வாங்கிய தேதி ஞாபகம் இருக்கிறது. நம்ம ஆள் தெருவை மீட்ட தேதி ஞாபகம் இல்லை.

அதெல்லாம் பழைய கதை என்பீர்களா? கையால் மலம் அள்ளத் தடை 1993-ல் சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்காததால்தானே விலை ஏறுகிறது? 1711-ன் அந்தப் பெயரில்லாத ஆளை இன்னும் குழிக்குள் இறக்கிக்கொண்டே மேலே நின்று தூணைத் தடவுகிறார்கள்.

வரும் ஆகஸ்ட் 22 நாமும் நடப்போம். கல்லூரித் தோழர்கள் இப்போதே பேச ஆரம்பியுங்கள். விக்டோரியா ஹால் வாசலில் கூடுவோம், அயோத்திதாசரின் கேள்வியைப் பறையடித்து வாசிப்போம். பிறகு பெத்தநாயக்கன்பேட்டை வழியாகக் கோட்டை வரை. சீனிவாசனின் தீர்மானத்தை அச்சடித்து ஒவ்வொரு தெரு முனையிலும் கொடுப்போம். துப்புரவுத் தொழிலாளர்கள் முன்னால் வரட்டும், அவர்கள் சொல்லட்டும் எந்த மூடிக்குக் கீழே யார் செத்தார்கள் என்று. போன வருஷத்து வழிகாட்டியையும் கூப்பிடலாம். அவருக்குப் பணம் கிடையாது, காபி உண்டு.