கோபம் சேரவேண்டிய இடம்

2025 ஜூன் 22 அன்று ஈரானின் மூன்று அணுசக்தி மையங்களை அமெரிக்கா குண்டுவீசித் தாக்கியது. மறுநாள், கத்தாரிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அதற்கடுத்த காலை, முத்தியால்பேட்டைத் தேநீர்க் கடையொன்றில் பெரியவர் ஒருவர் டிரம்ப்பை வசைபாடிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் தோஹாவில் வேலை பார்க்கிறார். “நிக்சனும் இப்படித்தான்” என்றார். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை நிக்சன் அனுப்பியது இதே வங்கக் கடலுக்குத்தான்.

அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால், அதிபரை மட்டும் ஏசினால் பாதிக் குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள். வியட்நாம் போரால் கொதித்த அமெரிக்க மக்களின் அழுத்தமே, நிக்சனின் மறுப்பாணையையும் மீறி, 1973இல் போர் அதிகாரச் சட்டமாயிற்று. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லையேல் அதிபர் தொடங்கும் போருக்கு 60 நாள்களே கெடு. 2011இல் லிபியாவில் ஒபாமா அக்கெடுவைக் கடந்தார். சட்டம் குறிப்பிடும் போர்ச்செயலே அதுவன்று என வாதிட்டது அவரது அரசு! டிரம்ப்போ ஓரிரவில் தாக்கி முடித்துவிட்டு, நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கையை அனுப்பிவைத்தார். அவரைக் கட்டுப்படுத்தக் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தை ஜூன் 27 அன்று செனட் 53–47 என்ற கணக்கில் நிராகரித்தது.

அந்த 53 பேரில் ஒருவர் பெயரைக்கூட எங்கள் தேநீர்க் கடையில் எவரும் உச்சரித்துக் கேட்டதில்லை. நானும் உச்சரித்ததில்லை.