ஒரு கேம் மாற்றி எழுதிய நெடுஞ்சாலை



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

"கேம் விளையாடினால் பிள்ளை கெட்டுப்போகும்" என்ற பேச்சு நம் ஊர்களில் பழையது. பெற்றார் கூட்டத்திலும் கேட்கிறோம், ஜும்ஆவிலும் கேட்கிறோம். பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு எழும்பி விளையாடப் போகிறார்கள். சொல்கிறவர் அந்தக் கேமை ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். எந்தக் கேம், அதில் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் பிழை என்று சொல்லத் தெரியாமல் "கூடாது" என்று மட்டும் சொன்னால் அந்தச் சொல் காதுக்குள் இறங்காது.

ஆகவே ஒரே ஒரு கேமை எடுத்துப் பேசுவோம். பெயர் கோல் ஒப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார். 2019 ஒக்டோபர் 25 அன்று வந்தது. தயாரித்தது இன்ஃபினிட்டி வோர்ட், வெளியிட்டது அக்டிவிஷன். முதல் மூன்று நாட்களில் மட்டும் 600 மில்லியன் டொலருக்கு மேல் விற்றதாக அந்த நிறுவனமே அறிவித்தது. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது என்று முத்திரை. நம் பிள்ளைகளில் பலர் இதே தொடரின் மொபைல் கேமைப் போனில் விளையாடுகிறார்கள். கணினியோ பிளேஸ்டேஷனோ இல்லாதவர்கள் யூடியூபில் மற்றவர் விளையாடுவதைப் பார்த்தே முழுக் கதையையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். இது சுடுகிறவனின் கண்ணாலேயே பார்த்து விளையாடும் கேம். திரையில் உங்கள் முகம் தெரியாது. கீழே இரண்டு கையும் ஒரு துப்பாக்கியும் மட்டும் தெரியும். அந்தக் கை உங்கள் கை. சினிமாவில் கதாநாயகன் சுடுகிறான், நாம் பார்க்கிறோம். இங்கே நாமே சுடுகிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். கேம் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. துப்பாக்கிச் சத்தம், இருட்டு, புகை, கட்டடம் இடிந்து விழும் விதம், ஒவ்வொன்றிலும் உழைப்புத் தெரிகிறது. கதை உர்ஸிக்ஸ்தான் என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது. அந்த நாட்டை ஒரு ரஷ்யத் தளபதி பிடித்து வைத்திருக்கிறான். எதிர்த்துப் போராடும் படையின் தலைவி ஃபரா கரீம் என்ற பெண். இப்படிப்பட்ட கேம்களில் நம்மவர் போன்ற பெயர் உள்ளவர் பெரும்பாலும் சுடப்படுவதற்கென்றே வருவார். 2007இல் இதே பெயரில் வந்த முதல் கேமில் பெயரே இல்லாத ஓர் அரபு நாடும், காலித் அல் அசத் என்ற வில்லனும்தான் இருந்தார்கள். அந்த வகையில் ஃபரா ஒரு முன்னேற்றம். அவள் சிறுமியாக இருந்தபோது ஊர் மீது விஷவாயு அடிக்கப்பட்ட நாளை, அந்தச் சிறுமியின் கண்ணாலேயே நாம் விளையாடுகிறோம். கல் நெஞ்சும் கொஞ்சம் ஆடும்.

இன்னொரு கட்டம் லண்டனில். இரவில் ஒரு மாடிவீட்டுக்குள் பிரித்தானியப் படையினர் நுழைகிறார்கள். இருட்டில் எல்லாம் பச்சையாகத் தெரியும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து போக வேண்டும். ஓர் அறையில் ஒரு பெண் பாய்ந்து எதையோ எடுக்கப் போகிறாள். துப்பாக்கியா? இல்லை, அவளுடைய குழந்தை. மேல்மாடியில் இன்னொரு பெண் "சுட வேண்டாம்" என்று கெஞ்சுகிறாள். அவளுடைய கை குண்டை வெடிக்கவைக்கும் கருவியைத் தேடுகிறது. முடிவெடுக்க ஒரு விநாடி கூட இல்லை.

இந்தக் கட்டத்தை உலகம் முழுவதும் புகழ்ந்தார்கள். ஆனால் அம்பாறை மாவட்டத்துப் பிள்ளை இதை விளையாடுவதும் அமெரிக்கப் பிள்ளை விளையாடுவதும் ஒன்றல்ல. இந்தக் கேம் வருவதற்கு ஆறு மாதம் முன்னால், 2019 ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றிவளைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். அந்த வீட்டில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அப்படி ஒரு வீடு இருக்கவே இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது. அதே நேரம், அந்த நாட்களில் ஒரு குற்றமும் செய்யாத எத்தனை வீடுகளின் கதவுகள் தட்டப்பட்டன, எத்தனை அலுமாரிகள் கிளறப்பட்டன என்பதும் நமக்குத் தெரியும். கேமில் கதவைத் திறப்பவனின் பயம் மட்டும்தான் இருக்கிறது. கதவுக்கு உள்ளே நின்றவளின் பயம் இல்லை. மறுநாள் காலை அந்தத் தெருவில் என்ன பேசினார்கள் என்பதும் இல்லை. கேமில் பிழை விட்டால் கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி தொடங்கலாம். தெருவில் அந்த வசதி கிடையாது.

இனி வன்முறை விஷயம். இதை விளையாடும் பிள்ளை நாளை கத்தி எடுத்துக்கொண்டு போவான் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்திலும், முரட்டுத்தனமான நடத்தையோடு ஒரு சிறிய தொடர்பு காணப்படுகிறது, ஆனால் கொலை, தாக்குதல் போன்ற குற்றங்களுக்கு இந்தக் கேம்களைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆகவே அந்தப் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். நம் பயம் வேறு. இந்தக் கேம் பிள்ளைக்கு வரலாறு படிப்பிக்கிறது. அந்த வரலாறு பொய்.

அதே கேமில் ஒரு கட்டத்தின் பெயர் "மரண நெடுஞ்சாலை". எரிந்து கருகிய வாகனங்கள் வரிசையாகக் கிடக்கும் ஒரு சாலையோரம் நின்று எதிரிகளைக் குறிபார்த்துச் சுட வேண்டும். அந்தச் சாலையின் கதையை ஃபரா சொல்கிறாள். படையெடுப்பின்போது ரஷ்யர்கள் குண்டு போட்டார்களாம், தப்பி ஓடியவர்களைக் கொன்றார்களாம்.

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உண்மையான மரண நெடுஞ்சாலை நினைவிருக்கும். 1990 ஓகஸ்ட் 2 அன்று சதாம் ஹுசைனின் படை குவைத்துக்குள் புகுந்தது. நம் நாட்டிலிருந்து போன பல்லாயிரம் பேர், அதிகமானோர் வீட்டு வேலைக்குப் போன பெண்கள், அங்கே அகப்பட்டார்கள். அடுத்த வருடம் பெப்ரவரி 26 இரவு, குவைத்திலிருந்து பஸ்ரா பக்கம் போகும் 80ஆம் இலக்கச் சாலையில் ஈராக்கியப் படை பின்வாங்கியது. இராணுவ வண்டிகளும் குவைத்தில் கொள்ளையடித்த கார்களும் பஸ்களும் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படையின் விமானங்கள் வரிசையின் தலையையும் வாலையும் முதலில் அடைத்தன. பிறகு நடுவில் சிக்கியவர்கள் மீது மணிக்கணக்காகக் குண்டு போட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அங்கே சிதைந்தும் கைவிடப்பட்டும் கிடந்தன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. அந்தச் சாலைக்கு உலகம் வைத்த பெயர்தான் மரண நெடுஞ்சாலை.

சதாமின் படை குவைத் மக்களுக்குச் செய்தது அநியாயம். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. பின்வாங்கிப் போகும் படையை அப்படி அடிக்கலாமா என்பது இன்றும் விவாதம். ஆனால் அடித்தது யார் என்பதில் விவாதமே இல்லை. கேம் செய்தது என்ன? பெயரை எடுத்துக்கொண்டது, எரிந்த வாகன வரிசையை எடுத்துக்கொண்டது, அடித்தவனின் பெயரை மட்டும் மாற்றிவிட்டது.

"நாடே கற்பனை, இதைப் பெரிதுபடுத்தலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ரஷ்யாவுக்காக நாம் வாதாட வரவில்லை. செச்னியாவின் குரோஸ்னியும் சிரியாவின் அலெப்போவும் ரஷ்யக் குண்டுகளைக் கண்ட நகரங்கள்தான். அந்தக் கதையைச் சொல்ல விரும்பினால் அந்தப் பெயரிலேயே சொல்லலாம். அடுத்தவன் செய்ததை எடுத்து அவன் தலையில் கட்டத் தேவையில்லை.

நம் மண்ணில் வைத்து யோசித்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாளை ஒரு நிறுவனம் ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, அதே இரண்டு மணித்தியாலத்தையும், பையோடு நடந்துபோகும் அதே குடும்பங்களையும் காட்டி, விரட்டியவர் வேறு யாரோ என்று சொன்னால் புத்தளத்தில் இருக்கும் நம் உறவுகள் "கேம்தானே" என்று விட்டுவிடுவார்களா? 2009 முள்ளிவாய்க்காலை இப்படி மாற்றினால் நம் தமிழ்ச் சகோதரர்களுக்கு எப்படி இருக்கும்? அடிபட்டவனுக்கு மிஞ்சுவது சில வேளை அடித்தவன் யார் என்ற உண்மை ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் அவனிடம் என்ன இருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும. பலர் சேர்ந்து விளையாடும் பகுதியில், தான் சாகாமல் தொடர்ந்து எதிரிகளைக் கொன்றால் வெண்பொஸ்பரஸ் குண்டு பரிசாகக் கிடைக்கும். 2004இல் ஈராக்கின் ஃபல்லூஜாவில் அமெரிக்கப் படையும், 2009 ஜனவரியில் காஸாவில் இஸ்ரேலியப் படையும் பயன்படுத்திய பொருள் அது. உடலில் பட்டால் எலும்பு வரைக்கும் எரிக்கும். காஸாவுக்காக நாம் குனூத் ஓதுகிறோம். வட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து அழுகிறோம். அதே போனில், பத்து நிமிடம் கழித்து, அந்தப் பொருள் நம் பிள்ளைக்குப் பரிசாக அறிமுகமாகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

2021 நவம்பரில் இதே தொடரின் வான்கார்ட் என்ற கேமில் குர்ஆன் தாள்கள் தரையில் கிடப்பதாக வடிவமைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் முஸ்லிம்கள் குரல் கொடுத்தார்கள். நிறுவனம் அதை அகற்றியது, அரபு மொழியில் மன்னிப்பும் கேட்டது. 2012இலும் ஒரு குளியலறைப் படச் சட்டத்தில் அல்லாஹ்வின் பெயர் வரும் வாசகம் இருந்ததற்காக ஒரு களத்தையே தற்காலிகமாக நீக்கினார்கள். குரல் கொடுத்தது சரி, பலனும் கிடைத்தது. ஆனால் நெடுஞ்சாலைக்காக அந்த அளவு குரல் எழவில்லை. வேதத்தின் தாளுக்குக் கண்ணியம் உண்டு. அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கும் மனித உயிருக்கும் உண்மைச் சாட்சியத்துக்கும் கண்ணியம் உண்டு. ஒன்றுக்குப் பதறும் சமூகம் மற்றதற்கும் பதற வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

போனைப் பறிப்பதால் மட்டும் ஒன்றும் நடக்காது. பறித்த போன் கூட்டாளியின் வீட்டில் கிடைக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 18 வயதுக் கேம் கூடாது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் பிள்ளை ஏற்கெனவே விளையாடுகிறான் அல்லது யூடியூபில் பார்க்கிறான் என்றால், ஒரு நாள் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பாருங்கள். திட்டுவதற்காக இருக்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்.

நீ சுடுகிறாயே, அவனுக்குப் பெயர் இருக்கிறதா?

இந்த இடம் உண்மையில் எங்கே இருக்கிறது, அங்கே நடந்தது என்ன?

இந்தக் கதையை இவனுடைய உம்மா சொன்னால் எப்படிச் சொல்வாள்?

பாடசாலையில் இருக்கும் நாங்கள் அனுபவத்தில் சொல்கிறோம், இப்படிக் கேட்டால் பிள்ளைகள் ஓடுவதில்லை. தேடிப் பார்க்கிறார்கள். 80ஆம் இலக்கச் சாலையின் பழைய படங்களைக் கண்டுபிடித்து நம்மிடமே கொண்டுவந்து காட்டுகிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சோம்பல்படும் பிள்ளை, தான் விளையாடும் கேம் தன்னை ஏமாற்றியது என்று தெரிந்தால் ரோஷப்படுகிறான். அந்த ரோஷம் நமக்கு வேண்டும்.

வரலாறு, தமிழ் பாட ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு தவணைக்கு ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்குங்கள். மாணவர்கள் அறிந்த கேம் ஒன்றை அவர்களே தெரிவுசெய்து, அதில் வரும் ஒரு சம்பவத்தையும் உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். மேசை, கதிரை, கரும்பலகை போதும். குவைத் யுத்த காலத்தில் அங்கே அகப்பட்டுத் திரும்பி வந்த பெண்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த ராத்தாமாரிடமும் மாமிமாரிடமும் இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

செய்தி ஒன்று வந்தால் தீர விசாரிப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பழக்கம். கேமாக வரும் செய்திக்கும் அதே சட்டம்தான்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் எந்தக் கேம் விளையாடுகிறார்கள், அதில் எந்த நாடு, யார் எதிரி என்று கேட்டு, கீழே கருத்தில் எழுதுங்கள். அடுத்த பதிவில் அதைப் பற்றிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.