எதற்காகக் கொடுத்தார்கள்?

மூன்றாம் சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவை நினைவுகூரக் கனடிய அரசு 30,000 பதக்கங்களை ஒதுக்கியது. எலிசபெத் மகாராணியின் வைரவிழாவுக்கு 2012 பெப்ரவரி முதல் ஓராண்டு காலத்தில் வழங்கப்பட்டவை அதைப்போல் இரு மடங்கு. இப்படி அள்ளிக் கொடுத்தால் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில், அயலவருக்காக உழைத்தவர்கள் அறுபதாயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்பதில் நம்ப முடியாதது என்ன இருக்கிறது? குறை வேறிடத்தில் இருக்கிறது. பெற்றவர்களின் பெயர்களை ஆளுநர் நாயகத்தின் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே, அவர் செய்தது என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

1967இல் தொடங்கிய ‘ஆர்டர் ஒஃப் கனடா’ விருதில் நிலைமை வேறு. யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். தலைமை நீதியரசர் தலைமையிலான குழு பரிசீலிக்கும். தெரிவானவரின் பணி என்னவென்று சுருக்கமாக வெளியிடுவார்கள். நினைவுப் பதக்கங்களோ பங்கீட்டு முறையில் போகின்றன. வைரவிழாவின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் முப்பது பதக்கங்கள் இருந்தன. மாகாண அரசுகளும் தொண்டமைப்புகளும் தங்கள் பங்கைத் தாங்களே பிரித்தன. தகுதி விதியோ மிக அகலமானது: நாட்டுக்கோ, மாகாணத்துக்கோ, தன் சமூகத்துக்கோ குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்திருக்க வேண்டும். அந்த விதிக்குள் முப்பது ஆண்டுகள் முதியோருக்குச் சோறு கொண்டுபோன பெண்ணும் வரலாம், தேர்தலுக்கு நிதி திரட்டித் தந்த வர்த்தகரும் வரலாம். பதக்கம் வாங்கும் படத்தில் இருவரும் ஒரே மாதிரித்தான் சிரிப்பார்கள்.

பங்கீட்டையே ஒழித்துவிடலாமே என்றால், அதில் இழப்பு நமக்குத்தான். ஒட்டாவாவில் கூடும் ஒரு குழுவுக்கு ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் யார் என்ன செய்கிறார் என்பது எளிதில் எட்டாது. 2011இல் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழரான ராதிகா சிற்சபைஈசனின் ஸ்காபரோத் தொகுதியில், யாரைத் தெரிந்தெடுப்பது என்ற முடிவு அந்த மக்களை அறிந்தவரிடம் இருந்தது. குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளர்களும் வைரவிழாப் பதக்கத்துக்குத் தகுதியானவர்களாக இருந்தார்கள் என்பதும் சின்ன விடயமல்ல. தெரிவு செய்யும் உரிமை அருகில் இருக்கட்டும். அதற்கான காரணம் ஊரறிய இருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

காரணத்தை எழுதினால் வீண் சர்ச்சைதான் கிளம்பும் என்பார்கள். கிளம்பியதும் உண்டு. நீதிமன்ற உத்தரவுகளை மீறிச் சிறை சென்ற கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் இருவருக்கு வைரவிழாப் பதக்கம் பெற்றுக்கொடுத்த சஸ்கச்சுவான் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், ஏன் கொடுத்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். பலர் கொதித்தார்கள். ஆனால் அந்த இரண்டு பதக்கங்களைப் பற்றி நாடு வாதாட முடிந்தது; ஆதரிக்கவும் எதிர்க்கவும் முடிந்தது. மற்ற ஆயிரக்கணக்கானவற்றில் சர்ச்சை எழாததற்கு அவை அப்பழுக்கற்றவை என்று பொருளல்ல. பேசுவதற்கு எதுவும் தரப்படவில்லை, அவ்வளவுதான்.

இது வெறும் நினைவுப் பதக்கம், இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்பது இன்னொரு மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. எப்போது கொடுப்பது என்பதை அரச குடும்பத்தின் நாட்காட்டியும் அன்றைய அரசின் மனநிலையும்தான் முடிவு செய்கின்றன. 2017இல் கனடாவின் 150ஆவது ஆண்டுக்கு மத்திய அரசு பதக்கம் வெளியிடவில்லை. 2022இல் மகாராணியின் பிளாட்டினம் விழாவுக்கும் ஒதுங்கிக்கொண்டது; ஆறு மாகாணங்கள் தாமாகவே வெளியிட்டன, ஒன்ராறியோ அதில் இல்லை. அப்படியிருந்தும், கொடுக்கும் மேடையில் சொல்லப்படுவது சமூக சேவை. சேவைக்கென்று சொல்லிக் கொடுத்தால், எந்தச் சேவை என்று கேட்பது மிகையல்ல.

வேலைப்பளுவைக் காரணம் காட்டவும் முடியாது. பரிந்துரைப்பவர் ஏதோ ஒரு காரணத்தை மனதில் வைத்துத்தானே பெயரைக் கொடுக்கிறார்? அதை இரண்டு வரியில், பெற்றவரின் சம்மதத்தோடு, பெயருக்குக் கீழே பதித்தால் போதும். அரசு செய்யும்வரை நம் பத்திரிகைகள் காத்திருக்கவும் தேவையில்லை. பதக்கம் பெற்றவரின் படம் வந்தால், அவர் என்ன செய்தார் என்று கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து அச்சிடலாம். இந்த இதழ் இனி அப்படித்தான் செய்யும்; காரணம் வராத படங்களுக்கு இங்கே இடமிராது.