காயம் இருக்கு, கடதாசி எங்க?

போன மாதம் ஒருநாள் இரவு, கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. காலி வீதியில் வாகனம் அசையவே இல்லை. "மார்க்கெட்டடியில நிப்பாட்டுங்க அண்ணா" என்று மூன்று தரம் சொன்னேன். மனுசன் திரும்பவே இல்லை. நாலாம் தரம் தோளில் தட்டினேன். "நங்கி, இடக்காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றார், பாதி சிங்களம் பாதி தமிழில்.

நெரிசலில் கதை வளர்ந்தது. ஆள் முன்னாள் ஆமி. 2008இல் வன்னியில், பக்கத்தில் ஒரு ஷெல் விழுந்து வெடித்ததாம். காதால் இரத்தம் வந்திருக்கிறது. கூட இருந்த மருத்துவ உதவியாளர் பஞ்சை அடைத்து, தலையில் கட்டுப் போட்டு, "ஏலுமெண்டா நில்லு" என்றிருக்கிறார். இவரும் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. யாரும் எதையும் எழுதவும் இல்லை. காது மெல்ல மெல்லப் போனது. பிறகு தேச புத்ர சம்மானய பதக்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். போரில் காயப்பட்ட, உயிரிழந்த படையினருக்கு அரசு கொடுக்கிற பதக்கம் அது. அன்றைய திகதியில் காயத்துக்கான மருத்துவப் பதிவு இல்லை என்று பதில் வந்ததாம். "காது போனது எனக்குத் தெரியும், மனுசிக்குத் தெரியும், ஃபைலுக்கு மட்டும் தெரியாது" என்று சிரித்தார்.

அடுத்த நாள் கன்ரீனில் இதைச் சொன்னபோது ஒரு பட்ச்மேட் என்னை முறைத்துப் பார்த்தான். "உனக்கென்ன விசரா? ஆமிக்காரனுக்கு மெடல் கிடைக்கேல்லை எண்டு நாங்க இருந்து அழோணுமா?"

இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். அவனுக்கு மட்டும் இல்லை, இதை வாசிக்கும்போது அதே கேள்வி உங்கள் வாய்வரை வந்திருந்தால் உங்களுக்கும்தான்.

முதலில், அழத் தேவையில்லை. நானும் அழவில்லை. அந்தப் பதக்கத்தை யாராவது அவருக்குக் குத்திவிடும் நாளில் நான் போய் நின்று கைதட்டப் போவதுமில்லை. அவர் நின்ற பக்கத்திலிருந்து போன ஷெல்லுகள் எங்கே விழுந்தன என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்ட பதக்கம் ஒரு கேள்வி, அவருக்குக் கிடைத்த பதில் வேறொரு விசயம். அந்தப் பதிலுக்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது: கடதாசி இல்லையென்றால் காயமே இல்லை. இந்த விதியை அவருக்கு எதிராகப் பாவிக்கும்போது நாங்கள் "நல்லா வேணும்" என்று சிரித்தால், எங்களுக்கு எதிராகப் பாவிக்கும்போது எந்த வாயால் கதைக்கிறது?

எங்களுக்கு எதிராக அது எப்பவோ பாவிக்கப்படத் தொடங்கிவிட்டது.

என்ர மாமா ஒருத்தர் புதுக்குடியிருப்பு. இப்ப வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய தொடைக்குள் இன்னும் ஷெல் பீஸ் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெளிவாகத் தெரியும். உதவித்தொகை விசயமாக ஒரு கந்தோருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்தக் கந்தோர் என்று எழுதவில்லை, எல்லாக் கந்தோரிலும் இதேதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். தொடையையும் பார்த்தார். பிறகு, "டயக்னோசிஸ் கார்ட் இருக்கா? அந்த நேரம் ஆஸ்பத்திரியில தந்தது?" என்று கேட்டார். மாமா அமைதியாகச் சொன்னார்: "தம்பி, அந்த ஆஸ்பத்திரியே இல்லை."

அது உருவகம் இல்லை. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, வன்னியிலிருந்த எல்லா வைத்தியசாலைகளும் மோட்டார், ஆட்லறித் தாக்குதலுக்கு உள்ளாகின, சில திரும்பத் திரும்ப அடிவாங்கின என்று சொல்கிறது. புதுக்குடியிருப்பில் இருந்து புதுமாத்தளன், அங்கிருந்து முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலையே இடம்பெயர்ந்துகொண்டு இருந்தது. பள்ளிக்கூடக் கட்டடத்திலும் மரத்துக்குக் கீழேயும் கிடத்தி வைத்தியம் பார்த்தார்கள். மயக்க மருந்துக்கே தட்டுப்பாடு. அந்த இடத்தில் ஒரு டொக்டர் கையில் இருந்த கடைசி நிமிசத்தை எதற்குச் செலவழித்திருக்க வேண்டும்? அடுத்த ஆளின் இரத்தத்தை நிறுத்தவா, முதல் ஆளுக்குக் கார்ட் எழுதவா? செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏறி வந்தவர்களிடமாவது ஏதோ ஒரு துண்டு இருக்கலாம். நடந்து வந்தவர்களிடம் உடுத்த உடுப்புத்தான் இருந்தது.

இதோடு கொச்சிக்கடையை ஒப்பிட்டுப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது, காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட தேசிய வைத்தியசாலை சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. பதிவு இருந்தது, கட்டில் இலக்கம் இருந்தது, கார்ட் இருந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சனம் பட்ட பாடு கொஞ்சமில்லை, அந்தத் தீர்ப்பு அவர்களுக்குக் கிடைத்தே ஆகவேண்டியது. நான் சொல்ல வருவது வேறு. கொச்சிக்கடையில் உடம்புக்குள் போன இரும்பும் முள்ளிவாய்க்காலில் போன இரும்பும் ஒன்றுதான். ஒன்றுக்குக் கடதாசி இருக்கு, மற்றதுக்கு இல்லை. கடதாசி காயத்தின் அளவைச் சொல்லுவதில்லை. ஆஸ்பத்திரி எவ்வளவு கிட்ட இருந்தது என்பதைத்தான் சொல்லுது.

"எல்லா நாட்டிலயும் இப்பிடித்தானே, ஆதாரம் கேக்கத்தானே செய்வாங்கள்" என்று சொல்லுவீர்கள். சரி, அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே போரில் காயப்பட்டவருக்கு 'பேர்ப்பிள் ஹார்ட்' பதக்கம். மருத்துவ அதிகாரி பார்த்திருக்க வேண்டும், அது பதிவாகியும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 1973 ஜூலை 12 அன்று சென் லூயிஸ் நகரில் படையினரின் கோப்புகள் இருந்த கட்டடம் தீப்பிடித்து, 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரையான கோப்புகள் எரிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 வீதம் போய்விட்டது. பிரதி இல்லை. இரண்டாம் உலகப்போரில் அடிபட்ட ஒரு கிழவர் பதக்கம் கேட்டுப் போனால், எரிந்தது அரசாங்கத்தின் கட்டடம், ஆதாரம் தேடி அலைவது அந்தக் கிழவர்.

அதே நாட்டில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1941இல் வந்தது. போர்முனையில் நின்ற ஒருவர் தனக்கு இன்னது நடந்தது என்று சொன்னால், அவர் நின்ற இடத்துக்கும் சூழலுக்கும் அது பொருந்துமென்றால், அரச பதிவு இல்லாவிட்டாலும் அதைப் போதிய ஆதாரமாக ஏற்க வேண்டும், சந்தேகம் வந்தால் அவருக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஊனத்துக்கான கொடுப்பனவுக்கு இந்தச் சட்டம். அதாவது, காசு கொடுக்கிற இடத்தில் ஆளின் வார்த்தையை நம்பலாம் என்று 80 வருடத்துக்கு முன்னமே ஒரு அரசு எழுதி வைத்திருக்கிறது. கஜானா ஒன்றும் கவிழவில்லை. போர்முனையில் குறிப்பெடுக்க ஆள் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கந்தோர்களுக்கு மட்டும் ஏன் தெரியாது?

கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கு இன்னும் மோசம். 2020 ஜனவரியில் ஈரான் ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளத்துக்கு ஏவுகணை அடித்தது. முதலில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எண்ணிக்கை ஏறி ஏறி, 100க்கு மேற்பட்டவர்களுக்கு மூளை அதிர்ச்சிக் காயம் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றைய ஜனாதிபதி ட்ரம்ப் அதைத் தலையிடி என்றார். முதலில் 29 பேருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மறு வருடக் கடைசியில்தான் இன்னும் 39 பேருக்குக் கிடைத்தது. வெடித்த அன்று சும்மா நிற்கிறவனுக்குக் கூட காயம் இருக்கலாம். என்ர ஓட்டோ அண்ணனின் காது மாதிரி.

இப்ப எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். ஆமிக்காரருக்குக் கடதாசி இல்லாவிட்டால் நட்டம் மட்டும்தான். தமிழருக்குக் கடதாசி இருந்தாலும் பயம். "ஷெல் காயம்" என்று எழுதின ஒரு கார்ட்டோடு 2009இல் சோதனைச்சாவடிக்குப் போனவரிடம் முதல் கேள்வி, "எங்க நிண்டனி? என்ன செய்தனி?" தழும்பே சந்தேகம். பிரித்தானியக் குடிவரவுத் தீர்ப்பாயம் 2007இல், கொழும்புக்குத் திரும்பும் தமிழருக்கு ஆபத்தைக் கூட்டக்கூடிய காரணிகளைப் பட்டியலிட்டபோது, உடம்பில் தழும்பு இருப்பதையும் அதில் சேர்த்தது. அப்படியிருக்க, கையில் இருந்த துண்டைக் கிழித்து எறிந்தவர் எத்தனை பேர்? பயத்தில் கிழிக்க வைத்துவிட்டு, 10, 15 வருடம் கழித்து "எங்க அந்தத் துண்டு?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

கடதாசி கிடைத்தாலும் கதை முடியாது. முதுகில் ஐந்து, கையில் இரண்டு சூட்டுத் தழும்போடு ஒரு தமிழர் பிரித்தானியாவில் அடைக்கலம் கேட்டார். மருத்துவ அறிக்கையும் இருந்தது. தீர்ப்பாயம் என்ன சொன்னது தெரியுமா? இவரே ஆள் பிடித்துச் சுடுவித்திருக்கலாம் என்று. கடைசியில் 2019 மார்ச்சில் பிரித்தானிய உயர் நீதிமன்றம்தான் அந்த முடிவைத் தூக்கியெறிந்தது. நம்பக்கூடாது என்று முதலே முடிவெடுத்தவனுக்கு எந்தக் கடதாசியும் காணாது.

"எல்லாரையும் நம்பினா கள்ளரும் வருவாங்கள்." வருவார்கள். சில பேர். அதற்கு வழி இல்லாமல் இல்லை. இன்றைய உடம்பைச் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்கலாம், உள்ளே கிடக்கிற இரும்பு பொய் சொல்லாது. கண்ணால் கண்ட இரண்டு பேர் சத்தியக்கடதாசி கொடுக்கலாம். பொய்ச் சத்தியம் ஏற்கெனவே குற்றம். சொன்ன திகதியில் சொன்ன இடத்தில் தாக்குதல் நடந்ததா என்று பார்க்கலாம். இதெல்லாம் பொருந்தினால், பதிவு இல்லை என்பதை அந்த ஆளுக்கு எதிராக எடுக்கக்கூடாது. பதிவு வைத்திருக்க வேண்டியது அவர் இல்லை, அரசு. தன் கடமையைச் செய்யாதவன், அதையே காட்டி மற்றவனின் உரிமையை மறுக்க ஏலாது. இதில் விளங்காமல் இருக்க என்ன இருக்கு?

இந்த நாட்டுக்கு இது புதிதும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் வருடக்கணக்காக மரணச் சான்றிதழ் எடு, எடு என்று நெருக்கினார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தார்கள். அது தாய்மாரின் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் ஆதாரம் இல்லாத இடத்துக்கு ஏற்றபடி விதியை மாற்ற ஏலும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டு அலுவலகமும் வந்துவிட்டது. காயப்பட்டவரின் சொல்லை ஏற்கும் ஒரு விதியை அங்கே எழுதி வைத்தால் வானம் இடிந்து விழாது.

பட்ச்மேட்டுக்குக் கடைசியாக ஒன்று. கடதாசி இல்லையென்றால் காயம் இல்லை என்பதன் அடுத்த படி என்ன தெரியுமா? பட்டியல் இல்லையென்றால் சாவும் இல்லை. அதே 2011 அறிக்கை, கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றபோது, "பெயர் எங்க? பட்டியல் எங்க?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். ஓட்டோ அண்ணனின் காதை மறுத்த விதியும் முள்ளிவாய்க்காலை மறுக்கிற விதியும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு மற்றதோடு சண்டை பிடிக்க முடியாது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் காயக்காரர் யாரும் இருந்தால் இந்த வார இறுதியில் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த இடம், எந்த நாள், யார் தூக்கினது, யார் கட்டுப் போட்டது. அவர் சொல்லச் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். கண்டவர்கள் உயிரோடு இருந்தால், ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி எடுத்து வையுங்கள். மாமாவைப் புதுமாத்தளனில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் போன வருடம் வருத்தத்தில் செத்துப்போனார். மற்றவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கப் போகிறேன்.