பாண்டு சட்டி, ரசமட்டம், அப்பத்தா!

செமஸ்டர் லீவுல என்ன பண்ணீங்க? கொடைக்கானல் டூர்? கோயமுத்தூர்ல இன்டர்ன்ஷிப்? இல்ல, வழக்கம்போல பதினோரு மணி வரைக்கும் போர்வைக்குள்ளயேவா? எங்க வீட்டுல நாங்க பாத்ரூம் கட்டினோம். சிரிக்காதீங்க பாஸ்... நிஜமாவே கட்டினோம். அப்பா, அம்மா, தம்பி, மாமா, அப்பத்தா, அப்புறம் சிவில் மூணாவது வருஷம் படிக்கிற நான். மொத்தம் ஆறு பேர், 14 நாள், 28,400 ரூபாய். இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதல்ல, ஏன் இந்த வேலைன்னு சொல்லிடறேன். எங்க வீடு மதுரைக்கு வெளியே இருக்கிற பழைய ஓட்டு வீடு. ஆறடிக்கு நாலடில ஒத்த பாத்ரூம். அதுல எட்டு இஞ்ச் மேடை, மேடை மேல குத்துக்கால் போட்டு உட்கார்ற ஒரிசா பேன். அப்பத்தாவுக்கு வயசு 74, ரெண்டு முட்டியும் தேய்மானம். உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது. இதை அவங்க யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் காபி வேணாம்னாங்க. ராத்திரி ரெண்டு இட்லி ஒரு இட்லி ஆச்சு. தண்ணிச் சொம்பைத் தலைமாட்டுல இருந்து எடுத்துட்டாங்க. ராத்திரில பாத்ரூம் போகக் கூடாதுன்னு சாப்பாட்டையும் தண்ணியையும் குறைச்சிருக்காங்கன்னு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. வெயில் காலத்துல, அதுவும் மதுரை வெயில்ல, தண்ணி குடிக்காம ஒரு மனுஷி!

ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு எஸ்டிமேட் கேட்டோம். 62,000 ரூபாய்னார். அப்பா கையில 30,000 இருந்துச்சு. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். ‘ஏன் தாயி, மூணு வருஷமா ஃபீஸ் கட்டறேனே... இதையெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?’ன்னு ஒரே ஒரு கேள்விதான். ரோஷம் வந்துடுச்சுல்ல!

பெரியப்பா போன்

வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள ஊர்ல இருந்து பெரியப்பா போன். ‘ஏண்டா, கக்கூஸ் வேலைக்கெல்லாம் ஆள் இருக்காங்கல்ல... அதுல போயி நீ கை வெப்பியா? பொம்பளப் புள்ளையவும் இறக்கி விடறியாமே?’ அப்பா பதில் சொல்லத் திணறினார். அப்பத்தா போனை வாங்கி, ‘நாம போனதைத்தானப்பா நாம அள்ளப் போறோம்... இதுல என்ன கௌரவம் கெட்டுப் போச்சு?’ன்னு கேட்டு வெச்சுட்டாங்க. டொக்!

அந்த ‘ஆள் இருக்காங்கல்ல’ இருக்கே... அது சாதாரண வார்த்தை இல்ல மக்களே. கையால மலம் அள்ள வைக்கிறதைத் தடை பண்ணி 1993-ல ஒரு சட்டம், 2013-ல இன்னும் கடுமையா இன்னொரு சட்டம் வந்துச்சு. சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கினா குற்றம். இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் தரணும்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்திச்சு. தொகையை ஏத்த வேண்டி வந்ததே, சாவு நிக்கலங்கறதாலதான். அதனால எங்க வீட்டு ரூல் நம்பர் ஒண்ணு: செப்டிக் டேங்க் மூடியை நாங்களும் தொறக்கல, வேற யாரையும் தொறக்கச் சொல்லல. உள்ள இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆளைச் சாய்க்க சில நொடி போதும். அது லாரி உறிஞ்சற வேலை, மனுஷன் இறங்கற வேலை இல்ல.

ஒத்த பாத்ரூம் பிரச்னை

யூடியூப்ல பாத்ரூம் வீடியோ போடற யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. இருக்கிற ஒரே பாத்ரூமை இடிச்சா, அதுவரைக்கும் எங்க போறது? எதிர்வீட்டு அத்தைதான் தெய்வம். அவங்க வீட்டுப் பின்பக்கச் சாவியை 14 நாளும் எங்க வாசல் ஆணியில மாட்டிட்டாங்க. அப்பத்தாவுக்கு மட்டும் நடுவுல ஓட்டை போட்ட கமோடு சேர் வாடகைக்கு எடுத்தோம். இதைப் பேசி முடிக்காம சுத்தியலைத் தொடாதீங்க!

முதல் நாள் இடிப்பு. மேடையை உடைச்சு, பேனைப் பேத்து, வெளிய தெரிஞ்ச 110 மி.மீ. பைப் வாயில உடனே மூடி போட்டுட்டோம். கல்லு உள்ள விழக் கூடாது, கேஸும் மேல வரக் கூடாது. கழிவறைக்குக் கீழ வளைஞ்சு போற டிராப்ல எப்பவும் ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கும்ல... அதுதான் சாக்கடை வாயுவுக்குக் கதவு. இந்த வளைவுக்கு அலெக்சாண்டர் கம்மிங்னு ஒரு வாட்ச் மேக்கர் 1775-ல லண்டன்ல பேட்டன்ட் வாங்கினார். கடிகாரம் செஞ்சவர்தான் நம்ம மூக்கைக் காப்பாத்தினவர்!

ரெண்டாவது நாள் மட்டும் ஒரு பிளம்பர் அண்ணன். பைப் இணைப்பு மட்டும் தெரிஞ்சவங்க கை படட்டும்னு முடிவு பண்ணியிருந்தோம். இங்கதான் ஒரு முக்கிய பாயின்ட். வெஸ்டர்ன் க்ளோசட் வாங்கப் போனா, எஸ்-டிராப்பா பி-டிராப்பான்னு கேப்பாங்க. கழிவு தரை வழியா இறங்கினா எஸ், சுவர் வழியா போனா பி. எஸ்-னா சுவத்துல இருந்து ஓட்டையோட நடுப்புள்ளி எத்தனை இஞ்ச்னு சொல்லணும். எங்களுக்கு ஒன்பது. அதுவும் வெறும் சுவத்துல இருந்து இல்ல, டைல் ஒட்டின பிறகு வர்ற முகத்துல இருந்து அளக்கணும். டைலும் பசையும் சேர்ந்து அரை இஞ்சைச் சாப்பிட்டுடும். நோட் பண்ணுங்க!

எங்க சைட் இன்ஜினீயர்

இப்ப ஒரு ட்விஸ்ட். அப்பத்தா சின்ன வயசுல சித்தாள் வேலை பார்த்தவங்க. மதுரையில எத்தனையோ மாடி வீட்டுக்குப் பாண்டு சட்டியில கலவை சுமந்திருக்காங்க. எனக்குத் தெரியும்... ஆனா அவங்களுக்குள்ள ஒரு முழு சிலபஸ் இருக்குன்னு இந்த லீவுலதான் தெரிஞ்சது. பிளாஸ்டிக் சேரைப் போட்டு வாசல்ல உட்கார்ந்தவங்கதான், ‘கலவையில தண்ணியக் கொட்டாத தாயி, உருண்டை புடிச்சா நிக்கணும்’, ‘பூச்சுக்கு முன்னாடி சுவத்தை நனைடா, இல்லேன்னா சுவரு கலவைத் தண்ணியைக் குடிச்சிரும்’னு ஒரே கமாண்ட். வாட்டர்-சிமென்ட் ரேஷியோன்னு நாங்க ரெண்டு யூனிட் படிச்சது இதுதாங்க!

தரைக்குச் சரிவு கொடுக்கறதுதான் பாத்ரூமோட உயிர். ஒரு மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. இறக்கம் வெச்சோம். ஆறடிக்கு ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல வரும். அதைக் குறிக்க எங்க காலேஜ் சர்வே லேப்ல ஸ்டாண்டு போட்டு நிக்கிற கருவி தேவைப்படல. தண்ணி ரொப்பின கண்ணாடி டியூப் போதும். ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அந்த மட்டத்தைச் சுவர்ல சுத்திக் கோடு போட்டு, அதுல இருந்து கீழ அளந்துக்கிட்டோம். தூக்குகுண்டு, மூலமட்டம், ரசமட்டம் மூணும் மாமா கொண்டுவந்தது. மாமா தேனில எலெக்ட்ரீஷியன். ‘மருமகளே, நீ இன்ஜினீயர்னா நான் சீஃப் இன்ஜினீயர்’னு சொல்லிட்டே இறங்கினார்.

அடுத்தது வாட்டர்ப்ரூஃப் பூச்சு. முதல் கோட் நெடுக்குல, காய்ஞ்ச பிறகு ரெண்டாவது கோட் குறுக்குல. தரையோட நிறுத்தாம சுவர்லயும் ஒரு அடி ஏத்தணும். தரையும் சுவரும் சேர்ற மூலைதான் எப்பவும் ஒழுகற இடம். அப்புறம் ஓட்டையை அடைச்சு, தண்ணி கட்டி, 24 மணி நேரம் விட்டோம். தம்பி சாக்பீஸ்ல கோடு போட்டு, மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தான். ப்ளஸ் டூ புக்கைக் கூட அப்படிப் பார்த்ததில்ல!

டைல் கணக்கு

சுவருக்கு முழுசா ஒட்டாம நாலடி உயரத்தோட நிறுத்தினோம். சுத்தளவு 20 அடி, பெருக்கல் 4, அதாவது 80 சதுர அடி. கதவுக்கு 10 கழிச்சா 70. 300-க்கு 450 மி.மீ. டைல் ஒண்ணு 1.45 சதுர அடி. அப்ப 49 டைல், உடைசலுக்கு 10 சதவீதம் சேர்த்தா 54. பெட்டிக்கு ஆறு வீதம் சரியா ஒன்பது பெட்டி. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது அம்மா. எட்டாவது வரைக்கும் படிச்ச அம்மா!

தரை டைல் கடையில பளபளன்னு மின்னற ரகத்தைத்தான் முதல்ல எடுத்துக் காட்டுவாங்க. மயங்காதீங்க. பாத்ரூம் தரைக்கு மேட், ஆன்ட்டி-ஸ்கிட் ரகம் மட்டும்தான். நாங்க அங்கயே டைல் மேல தண்ணி ஊத்தி, வெறுங்காலால தேய்ச்சுப் பார்த்தோம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்... பார்த்துக்கட்டும். இன்னொண்ணு, விட்ரிஃபைடு டைல் தண்ணியை உறிஞ்சாது. அதனால வெறும் சிமென்ட் பால்ல சரியா ஒட்டாது, டைல் அட்ஹெசிவ்தான் வேணும். ஒட்டின பிறகு ஒவ்வொரு டைலையும் அப்பத்தா கைத்தடியால தட்டிப் பார்த்தாங்க. ‘டொக் டொக்’னு காலி சத்தம் வந்தா உள்ள பசை பரவலன்னு அர்த்தம். நாலு டைல் ஃபெயில்! ஈரம் காயறதுக்குள்ள பேத்து மறுபடி ஒட்டினோம். ரீவேல்யுவேஷனுக்கு இடமே இல்ல.

கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து நான்தான் ஓட்டினேன். மாஸ்க், கண்ணாடி கட்டாயம், தண்ணி விட்டுக்கிட்டே வெட்டணும். அந்தத் தூசுல இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்கு எமன். வேலை முடிஞ்சு கறை போக்கறேன்னு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா ஊத்திடாதீங்க. குளோரின் வாயு கிளம்பும். கெமிஸ்ட்ரி லேப் இல்ல, நம்ம வீடு!

மாமாவோட பார்ட் ஹீட்டர். 2000 வாட்ஸை 230-ஆல வகுத்தா 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்ல சொருகினா உருகும், 16 ஆம்பியர் பாயின்ட்தான் போடணும். அதோட 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போற கரன்ட்டும் திரும்பற கரன்ட்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டாலே கண்சிமிட்டற நேரத்துல கட் பண்ணிடும். எர்த்தும் சரியா இருக்கணும். ‘இதுல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க மச்சான்’னு அப்பாகிட்ட கறாரா சொல்லிட்டார்.

அப்பத்தா அளவு

இது எந்த வீடியோலயும் கிடைக்காது. அப்பத்தாவைச் சேர்ல உட்கார வெச்சு, பாதம் முழுசா தரையில படும்போது முட்டி மடிப்பு எவ்வளவு உயரம்னு அளந்தோம். 41 செ.மீ. அந்த உயரத்துக்கு க்ளோசட் தேடினோம். உட்கார்ந்தபடி அவங்க கை எங்க எட்டுதோ, அங்க பென்சில் குறி. அங்கதான் கைப்பிடிக் கம்பி. டவல் கம்பியைப் பிடிச்சு எந்திரிச்சா கம்பியோட சேர்ந்து நாமளும் கீழ வருவோம். இது ஆங்கர் போல்ட் போட்டு, பூச்சைத் தாண்டி செங்கல்ல இறங்கணும். அப்பா அதுல தொங்கிப் பார்த்துதான் ஓகே பண்ணினார். அவர் 82 கிலோ!

கதவை வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி மாத்தினோம். உள்ள யாராவது விழுந்து கதவுக்குக் குறுக்க கிடந்தா, உள்பக்கம் தொறக்கற கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளிய இருந்து காசை வெச்சுத் திருப்பற ரகம்.

செலவு? க்ளோசட் 5,800. டைல் 4,700. கதவு 3,600. ஆர்.சி.சி.பி., ஒயர் 2,400. பைப் வகையறா 2,300. அட்ஹெசிவ், க்ரௌட் 1,900. சிமென்ட், எம்-சாண்ட் 1,700. வாட்டர்ப்ரூஃப் 1,600. ரெண்டு கைப்பிடி 1,500. பிளம்பர் 1,200. மெஷின் வாடகை 900. இடிபாடு அள்ளின வண்டி 800. கூட்டிப் பாருங்க, 28,400. கான்ட்ராக்டர் ஏமாத்தினார்னு சொல்ல மாட்டேன். ஆறு பேரோட 14 நாள் கூலியை அந்தக் கணக்குல சேர்த்தா, அவர் சொன்னது ஒண்ணும் அநியாயம் இல்ல.

ஒரு நாள் சாயங்காலம் அப்பத்தாகிட்ட, ‘எத்தனை வீட்டுக்கு பாத்ரூம் கட்டியிருப்பீங்க?’ன்னு கேட்டேன். ‘எண்ணுனதில்ல தாயி... கட்டி முடிச்சப்புறம் ஒண்ணுக்குள்ளயும் போனதில்ல’ன்னாங்க. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

இப்ப ஆறு மணிக்கு காபி கேக்கறாங்க. தண்ணிச் சொம்பு தலைமாட்டுக்கு வந்துடுச்சு. பெரியப்பா போன வாரம் வந்தவர், உள்ள போயிட்டு வந்து, ‘கைப்பிடி எங்க வாங்கினீங்க?’ன்னு மெதுவா கேட்டார். அவருக்கும் 60 தாண்டிடுச்சுல்ல!

சரி, இந்த வார ஹோம் ஒர்க். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பாத்ரூமுக்குள்ள போய் நாலு விஷயம் செக் பண்ணுங்க. தரை வழுக்குதா? பிடிக்கக் கம்பி இருக்கா? கதவு எந்தப் பக்கம் தொறக்குது? ஹீட்டருக்கு ஆர்.சி.சி.பி. இருக்கா? அப்படியே, தாத்தா பாட்டி ராத்திரி எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்கன்னும் கவனிங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்... பை!