மீனுக்கு முன் நீர்

பள்ளியின் விஞ்ஞான அறைக்கு ஒரு கண்ணாடி மீன் தொட்டி வந்து சேர்ந்தால், அன்றைக்கே அதில் மீன்களை நீந்தவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. காலையில் தொட்டி கழுவப்படுகிறது. குழாய்த் தண்ணீர் நிரப்பப்படுகிறது. மாலையில் விழா நடந்து, பத்துப் பன்னிரண்டு பொன்மீன்கள் விடப்படுகின்றன. சில நாட்களில் அவை நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து தவித்து, ஒவ்வொன்றாக மடிகின்றன. தண்ணீரோ பளிங்குபோல் தெளிவாகவே இருக்கிறது. காரணம் கேட்கும் குழந்தைகளுக்கு, மீன்கள் நோயுற்றவை என்றோ, கைராசி இல்லை என்றோ விடை கூறப்படுகிறது. விஞ்ஞானம் போதிக்கும் இடத்தில் கூறத்தக்க விடை அன்று இது.

உண்மைக் காரணம் கண்ணுக்குப் புலப்படாதது. மீன்கள் தம் செவுள்களின் வழியே அமோனியாவை இடைவிடாது வெளிவிடுகின்றன. உண்ணாது எஞ்சிய இரை அழுகும்போதும் அமோனியாவே உண்டாகிறது. சிறு தொட்டியில் அது தேங்கிச் செவுள்களைக் கெடுக்கிறது. இயற்கையில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகையின நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கிறது. நைட்ரேட் அத்துணைக் கொடியதன்று. தொட்டி நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றினால் அது மிகாமல் இருக்கும்.

இப்பாக்டீரியாக்களின் செயலை 1890ஆம் ஆண்டளவில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராத்ஸ்கி தெளிவாக்கினார். இவ்விரு மாற்றங்களையும் தனித்தே செய்யவல்ல நைட்ரோஸ்பைரா இனப் பாக்டீரியாக்கள் உண்டென்பது 2015ல் வெளியாயிற்று. ஆயினும் புதிய தொட்டியில் இவை போதிய அளவில் இருப்பதில்லை. இவை மெல்லப் பெருகுபவை. வடிகட்டியிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். வட இந்தியக் குளிர்காலத்தில் இன்னும் தாமதமாகும்.

உரம் மிக்க மீன்கள் இரண்டை முதலில் விட்டு நீரைப் பக்குவப்படுத்தலாம் என்று கூறுவோர் உண்டு. அம்முறையில் தொட்டி பக்குவமடைவது உண்மையே. ஆனால் அவ்விரு மீன்களும் அத்தனை நாளும் நஞ்சில் வாழ வேண்டியிருக்கிறது. மீனே இல்லாமல் அதே பலனைப் பெற வழி இருக்கும்போது, உயிர்களிடம் பரிவு கற்பிக்க வேண்டிய பள்ளிக்கு அம்முறை பொருந்தாது.

அவ்வழி எளியது. குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, குளோரின் அகன்றபின் தொட்டியில் நிரப்ப வேண்டும். காற்றுக்குழாயும் வடிகட்டியும் இரவு பகலாக இயங்கட்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் இரையை இட்டால், அது அழுகி அமோனியாவைத் தரும். பாக்டீரியாக்களுக்கு அதுவே உணவு. நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைச் சேர்த்தால் காலம் குறையும். அப்பஞ்சைக் குழாயடியில் கழுவலாகாது. குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

வாரம் இருமுறை மாணவர்களே நீரைச் சோதனைத் திரவத்தால் சோதித்து, அளவுகளை வரைபடமாக வரையலாம். முதலில் அமோனியா ஏறி இறங்கும். பின்பு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தென்பட்டால் தொட்டி தயார். அப்போதும் மீன்களை இரண்டு மூன்றாகவே விட வேண்டும். பாக்டீரியாக்கள் புதிய சுமைக்கேற்பப் பெருக அவகாசம் தேவை.

ஆகவே தொட்டி வழங்கும் மீன்வளக் களப்பணியாளர் ஒரே வருகையில் தொட்டியையும் மீன்களையும் ஒப்படைப்பதைக் கைவிடுவது நலம். முதல் வருகையில் தொட்டியையும் சோதனைத் திரவத்தையும் தரலாம். மாணவர்களின் வரைபடத்தைக் கண்டு திருப்தியுற்ற பின்னரே மீன்களைத் தர வேண்டும். விழா வேண்டுமெனில் அன்று நடத்தலாம். மீனில்லாத தொட்டியை ஒரு மாதம் கவனித்த மாணவன் கற்கும் பாடம், மடிந்த மீனை எடுத்தெறியும் மாணவனுக்குக் கிட்டாது.